சந்தியாகப்பரிடம் நடந்து போக நினைக்கும் தோட்டத்து ஆட்களுக்கு

முதலில் தூரத்தைச் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வியும் அதுதான், ‘மொத்தம் எத்தனை கட்டை?’ ஸ்பெயினில் இருக்கும் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்குப் பல திசைகளிலிருந்தும் நடைபாதைகள் வருகின்றன, எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் காமினோ. அதில் ஆட்கள் அதிகம் நடப்பது பிரெஞ்சுப் பாதை. பிரான்சு எல்லையில், பிரனீஸ் மலையடிவாரத்தில் உள்ள சேன் ஜான் பியே தெ போர் என்ற சிற்றூரிலிருந்து ஆரம்பித்தால் ஏறக்குறைய 780 கிலோமீட்டர், பழைய மைல் கணக்கில் 485 கட்டை. முழுவதும் நடக்க 33, 35 நாள் வேண்டும். லேயோன் நகரத்திலிருந்து நடந்தால் 310 கிலோமீட்டர், இரண்டு வாரம். சர்ரியா என்ற ஊரிலிருந்து நடந்தால் 115 கிலோமீட்டர், எழுபது கட்டைக்குக் கொஞ்சம் மேல்.

நான் எழுதப் போவது இந்தக் கடைசித் துண்டைப் பற்றித்தான். சர்ரியாவில் ஆரம்பிப்பவர்களைப் பார்த்து ‘பாதி யாத்திரைக்காரர்’ என்று சொல்கிறவர்களும் உண்டு, காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கொம்போஸ்தெலா என்ற யாத்திரைச் சான்றிதழைக் கொடுக்கும் பேராலயமே கடைசி 100 கிலோமீட்டர் நடந்தால் போதும் என்கிறது (சைக்கிளில் போனால் 200). ஐம்பது, அறுபது வயதில், முட்டி வலியும் சர்க்கரையும் இரண்டு வார லீவும் மட்டும் கையில் இருப்பவர்களுக்கு இதுதான் சரியான நீளம்.

நாங்கள் மூன்று பேர் 2023 மே மாதம் போனோம். நான், அக்கா, அத்தான். ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் பாகான் செராய். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர், அக்காவும் பள்ளிக்கூடம் விட்ட பிறகு அம்மாவோடு மர நிரைக்குப் போனவர். அத்தான் இருபத்தெட்டு வருடம் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டியவர். அக்காவுக்கு அப்போது 61 வயது, சர்க்கரை உண்டு. ‘நம்மால் முடியுமா’ என்று பட்டணத்துக்காரர்கள் எங்களிடம் கேட்டபோது அக்கா சொன்ன பதில், ‘தினம் காலையில் நாலு மணிக்கு எழுந்து நூற்றுக்கணக்கான மரம் சுற்றியிருக்கிறேன், இது என்ன’. அது உண்மை. ஆனால் அந்தக் கால் இருபது வருடம் சும்மா இருந்த கால் என்பதும் உண்மை, அதனால்தான் பயிற்சியைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

சந்தியாகப்பர் நமக்கு அந்நியர் இல்லை. ஸ்பானிய மொழியில் சந்தியாகோ என்பதைத்தான் நம் பாட்டன்மார் சந்தியாகப்பர் என்று கூப்பிட்டார்கள், பன்னிரு திருத்தூதர்களில் ஒருவரான பெரிய யாக்கோபு. ராமேஸ்வரம் பக்கத்தில் தங்கச்சிமடத்தில் அவருக்குப் பழைய கோயில் இருக்கிறது. அவருடைய கல்லறை என்று ஒன்பதாம் நூற்றாண்டில் கண்டெடுக்கப்பட்ட இடத்தின் மேல்தான் சந்தியாகோ பேராலயம் எழுந்தது, ஆயிரம் வருடத்துக்கு மேலாக ஜனங்கள் அங்கே நடந்து போகிறார்கள். அவருடைய திருநாள் ஜூலை 25. அடுத்த நாளே, ஜூலை 26, நம்முடைய புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருநாள். அதனால் ஜூலையில் ஊரை விட்டுக் கிளம்ப நம் ஆட்களுக்கு மனசு வராது, கிளம்பவும் வேண்டாம், அங்கே அப்போது வெயிலும் கூட்டமும் உச்சம். மே அல்லது செப்டம்பர் போங்கள். ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமையில் விழும் வருடம் புனித ஆண்டு, அடுத்தது 2027. அந்த வருடம் போக நினைத்தால் படுக்கைக்கு வெகு முன்னாலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

நாள் கணக்கு

இதில்தான் நான் பிடிவாதம் பிடிப்பேன். கிடைக்கிற கையேடுகள் எல்லாம் சர்ரியாவிலிருந்து சந்தியாகோவுக்கு ஐந்து நாள் போட்டிருக்கும்: போர்த்தோமரின் 22 கிலோமீட்டர், பாலாஸ் தெ ரேய் 25, அர்சுவா 29, ஓ பெத்ரோசோ 19, சந்தியாகோ 20. இதை அப்படியே பின்பற்றாதீர்கள். அந்த 29 கிலோமீட்டர் நாள் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போகிற நாள், அதில்தான் நிறையப் பேருக்குக் கால் போகிறது. இன்னொன்று, எல்லோரும் இதே ஐந்து ஊரில் தங்குவதால் அங்கேதான் நெரிசல், நடுவில் இருக்கும் சின்னக் கிராமங்களில் படுக்கை காலியாகக் கிடக்கும்.

நாங்கள் பத்து நாள் எடுத்தோம். முதல் நாள் ஃபெர்ரெய்ரோஸ், 13 கிலோமீட்டர், நாலைந்து வீடும் ஒரு சின்னக் கோயிலும் இருக்கிற இடம், இன்னும் 100 கிலோமீட்டர் என்று சொல்லும் கல் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. இரண்டாம் நாள் 9 கிலோமீட்டர் மட்டும், போர்த்தோமரின். மூன்றாவது வெந்தாஸ் தெ நரோன், 13, முழுக்க ஏற்றம். அப்புறம் பாலாஸ் தெ ரேய் 12, மெலிதே 15, ரிபாதீசோ 11, சல்செதா 14, ஓ பெத்ரோசோ 9. ஒன்பதாம் நாள் 15 கிலோமீட்டர் நடந்து மோந்தே தோ கோசோ குன்றில் தங்கல், பத்தாம் நாள் காலையில் கடைசி 5 கிலோமீட்டர். ஏன் கடைசியில் 5 மட்டும் என்றால், சந்தியாகோவில் யாத்திரிகர் பூசை பகல் 12 மணிக்கு. முந்தின நாளே 20 கிலோமீட்டர் இழுத்துக்கொண்டு சாயங்காலம் போய்ச் சேர்ந்தால் களைப்பைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. காலையில் குளித்து, நல்ல சட்டை போட்டு, கோயிலுக்குப் போகிற மாதிரி போகலாம்.

ஒரு நாளைக்கு 12 கிலோமீட்டர் என்றால் பகல் பன்னிரண்டுக்குள் நடை முடிந்துவிடும். மிச்சப் பொழுது கிராமத்தில். அதற்காகத்தான் இந்த நாள் கணக்கு. ஐந்து நாளில் முடித்தவர்களிடம் கிராமங்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், வழியில் காப்பி குடித்த கடையைச் சொல்வார்கள், வேறெதுவும் நினைவில் இருக்காது.

ஊரிலேயே காலைத் தயார் செய்வது

மூன்று மாதம் போதும். வாரத்தில் நாலு நாள், விடிகாலையில், தோட்டத்துச் செம்மண் சாலையில். எங்கள் பக்கம் எல்லாமே தட்டையான நிலம், வயலும் செம்பனையும். தட்டையில் முதல் மாதம் 4 கிலோமீட்டர், இரண்டாம் மாதம் 8, மூன்றாம் மாதம் 12, அவ்வளவுதான். கம்பெனித் தோட்டமென்றால் கேட்டில் இருக்கும் காவலரிடம் ஒருமுறை சொல்லிவிட்டு நடங்கள், ஒரு வாரத்தில் அவரே நேரம் பார்த்துக் காத்திருப்பார். குலை வெட்டிக்கொண்டிருக்கும் நிரைக்குள் எக்காரணம் கொண்டும் நுழைய வேண்டாம், மட்டையும் குலையும் எங்கே விழும் என்று வெட்டுகிறவருக்கே சில நேரம் தெரியாது. லாரி வந்தால் சாலையை விட்டு இறங்கி நில்லுங்கள், ஆனால் புல்லுக்குள் போகாதீர்கள், பாம்பு.

முதுகுப்பையை முதல் நாளே மாட்டாதீர்கள். இரண்டாம் மாதம் அதில் 2 கிலோ அரிசி போடுங்கள், மூன்றாம் மாதம் 5 கிலோ. உங்கள் உடம்பு எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை இருக்கக்கூடாது என்பது எல்லோரும் சொல்கிற கணக்கு, 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ, தண்ணீரும் சேர்த்து.

மேடு ஏற எங்கே போவது? எங்களுக்கு விடை புக்கிட் மெர்தாஜாமிலேயே இருந்தது. அன்னம்மாள் கோயிலுக்குப் பக்கத்திலேயே செரோக் தோக்குன் குன்று, ஏற ஒழுங்கான பாதை உண்டு. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, காலையில் குன்று ஏறி இறங்கி, கோயிலில் உட்கார்ந்து செபமாலை சொல்லிவிட்டு வருவோம் (கோயில் வளாகத்தில் பழைய கல்வெட்டு இருக்கிற பாறையையும் பார்க்கலாம், இத்தனை வருடம் போய் வந்தும் நான் அதை நின்று பார்த்தது அப்போதுதான்). ஏறுவதை விட இறங்குவதைப் பழகுங்கள். சர்ரியா பாதையில் முட்டியைக் கெடுப்பது இறக்கம்தான், போர்த்தோமரினுக்குள் இறங்குகிற கடைசி ஒரு கிலோமீட்டரில் அத்தான் பக்கவாட்டில் நண்டு மாதிரிதான் இறங்கினார்.

கடைசியாக ஒரு முழு ஒத்திகை வேண்டும். பாகான் செராயிலிருந்து பாரிட் புந்தார், நிபோங் திபால் வழியாக புக்கிட் மெர்தாஜாம் வரை இரண்டு நாளில் நடந்தோம், நடுவில் உறவுக்காரர் வீட்டில் தங்கி. பெரிய சாலையில் லாரிக்குப் பக்கத்தில் நடக்க வேண்டாம், வாய்க்கால் ஓரப் பாதை, கம்பத்துச் சாலை (மலாய்க் கிராமத்துச் சாலை) எது கிடைத்தாலும் அதில் போங்கள், எதிரே வரும் வண்டி கண்ணில் படுகிற மாதிரி வலப்பக்கம் நடங்கள். அந்த இரண்டு நாளில்தான் எனக்குக் கால் கொப்பளித்தது, காரணம் ஷூ இல்லை, புதுக் காலுறை. அங்கே போய்த் தெரிந்திருந்தால் யாத்திரையே நின்றிருக்கும்.

காலும் பையும்

ஷூ விஷயத்தில் நம் ஊரில் ஒரு பிடிவாதம் உண்டு, ‘அடிடாஸ் கம்போங்’ என்கிற ரப்பர் ஷூவே போதும் என்று. பால் வெட்டவும் சேற்றில் நடக்கவும் அதைப் போல ஒன்று கிடையாது, நம் காட்டு மலைகளில் ஓட்டப்பந்தயக்காரர்களே அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் சர்ரியா பாதையில் தார்ச்சாலையும் சிமெண்டும் கற்பலகையும் நிறைய, அதில் மணிக்கணக்காக நடக்கும்போது அந்த மெல்லிய ரப்பர் அடி குதிகாலை உடைத்துவிடும். அரை அளவு பெரியதாக, அடி மெத்தென்ற நடை ஷூ ஒன்று வாங்கி, மூன்று மாதமும் அதையே போட்டுப் பழக்குங்கள். நடந்தால் பாதம் வீங்கும், அதனால்தான் அந்த அரை அளவு. சிலிப்பர் ஒரு ஜோடி கட்டாயம், நடை முடிந்ததும் ஷூவைக் கழற்ற வேண்டும், விடுதிகளில் ஷூவை வாசலிலேயே வைத்துவிடச் சொல்வார்கள்.

காலையில் விரலிடுக்கிலும் குதிகாலிலும் வாசலீன் தடவிக் காலுறை போடுங்கள். எங்கேயாவது சூடாக உறைக்கிற மாதிரி தெரிந்தால் அந்த நிமிடமே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டுங்கள், அடுத்த ஊர் வரட்டும் என்று போனால் கொப்பளமாகிவிடும். சர்க்கரை உள்ளவர்கள் ராத்திரி பாதத்தின் அடிப்பக்கத்தை இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், அவர்களுக்கே வலி தெரியாமல் புண் இருக்கலாம். அக்காவுக்கு நான்தான் தினமும் டார்ச் அடித்துப் பார்த்தேன். கொப்பளத்தில் ஊசி நூல் கோத்து விடும் வைத்தியத்தை விடுதிகளில் யாராவது சொல்லுவார்கள், சர்க்கரைக்காரர்கள் கிட்டவே போகாதீர்கள். மருந்து, இன்சுலின் எல்லாம் விமானத்தில் கைப்பையில்தான், டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்கி வையுங்கள். ஆபத்துக்கு அங்கே 112.

துணி இரண்டு செட், போட்டிருப்பது ஒன்று, துவைத்துக் காய்வது ஒன்று. தினம் மதியம் துவைப்பது வழக்கம், தொட்டி எல்லா இடத்திலும் உண்டு. மழைச்சட்டை தவிர்க்கவே முடியாது, அந்தக் கலீசியா மாநிலம் நம் தைப்பிங் மாதிரி, எப்போது பெய்யும் என்று இல்லை. மே மாதம் விடியலில் ஏழு, எட்டு டிகிரி இருக்கும், நமக்கு அது கேமரன் மலையை விடக் குளிர். கையுறையும் காது மூடும் குல்லாவும் கொண்டு போங்கள். அப்புறம் தலைவிளக்கு. ஸ்பெயினின் மேற்கு ஓரத்தில் சூரியன் தாமதமாகத்தான் வரும், மே மாதம் ஏழு மணிக்கு மேல், செப்டம்பர் கடைசியில் எட்டு மணிக்கு மேல். நாலு மணிக்கே விழித்துப் பழகின நம் உடம்பு அதுவரை படுத்திருக்காது. அக்கா பால் வெட்டின காலத்தில் கட்டிய மாதிரியே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு முதல் நாள் முன்னால் நடந்தார், நான் பேசாமல் பின்னால் போனேன், அம்மாவுக்குப் பின்னால் போன மாதிரி இருந்தது.

ஊன்றுகோல் கைப்பையில் விடமாட்டார்கள், சர்ரியாவில் சில யூரோவுக்கு மரக்கோல் கிடைக்கும், அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். யாத்திரிகர் அடையாளமான சிப்பியும் அங்கேயே. சாப்பாட்டுப் பொருள் கொண்டு போகிறவர்கள் கவனியுங்கள், ஐரோப்பாவுக்குள் இறைச்சியோ பாலோ சேர்ந்த பொருள்களைப் பெரும்பாலும் வெளியிலிருந்து கொண்டுபோகக்கூடாது, பால் மாவு கலந்த த்ரீ-இன்-ஒன் பாக்கெட்டையும் தவிர்த்துவிடுங்கள். நாங்கள் ஊறுகாயும் வறுத்த நெத்திலிச் சம்பலும் கொண்டு போனோம், பிரச்சினை இல்லை.

கடைசியாக ஒரு காகிதம். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும், ‘எனக்கும் வேண்டிக்கோ’ என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். தலையாட்டிவிட்டு வந்தால் பாதி மறந்துபோகும். ஒரு நோட்டுத் தாளில் பெயரை எழுதி வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

காகிதமும் காசும்

மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் 90 நாள் வரை விசா வேண்டாம், ஆனாலும் டிக்கெட் எடுக்குமுன் விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். கோலாலம்பூரிலிருந்து மாட்ரிட், அங்கிருந்து லூகோ வரை பஸ், லூகோவிலிருந்து சர்ரியாவுக்கு இன்னொரு பஸ். சேர்ந்த அன்றைக்கே நடக்காதீர்கள், ஆறு மணி நேர வித்தியாசம் தலையைச் சுற்றும், ஒரு நாள் தூங்கிவிட்டு நடங்கள்.

யாத்திரிகர் கடவுச்சீட்டுக்கு கிரெதென்சியால் என்று பெயர், மடித்த அட்டை, சர்ரியாவிலேயே இரண்டு மூன்று யூரோவுக்குக் கிடைக்கும். அது இருந்தால்தான் யாத்திரிகர் விடுதியில் படுக்கை. போகிற வழியில் கோயில், விடுதி, காப்பிக்கடை என்று எங்கும் அதில் சாப்பு (முத்திரை) குத்துவார்கள், ஸ்பானிய மொழியில் ‘செல்லோ’. கடைசி 100 கிலோமீட்டரில் நாளுக்கு இரண்டு சாப்பு கட்டாயம். கோயிலில் கிடைக்கும்போது கோயில் சாப்பையே வாங்குங்கள், வாசலில் ஒரு வயதானவர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார், உண்டியலில் ஒரு யூரோ போடுவது மரியாதை.

விடுதிக்கு அல்பெர்கே என்று பெயர், இரட்டை அடுக்குக் கட்டில், ஒரே ஹாலில் இருபது முப்பது பேர். கலீசியா அரசாங்க விடுதி 10 யூரோ அளவில், முன்பதிவு கிடையாது, மதியம் ஒரு மணிக்குத் திறப்பார்கள், வந்த வரிசைப்படிதான் இடம். அங்கே அடுப்பு இருக்கும், பானை சட்டி பெரும்பாலும் இருக்காது, இது தெரியாமல் அரிசி வாங்கிக்கொண்டு போய் நின்றோம். தனியார் விடுதி 15 யூரோவிலிருந்து, அதற்கு முன்பதிவு செய்யலாம். யூரோவுக்கு ஐந்து வெள்ளி (ரிங்கிட்) என்று போட்டுக்கொண்டால் படுக்கை, சாப்பாடு, காப்பி எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளைக்கு 40 யூரோ, 200 வெள்ளிக்குள் முடிக்கலாம். பை தூக்க முடியாதவர்களுக்குப் பையை மட்டும் அடுத்த ஊருக்கு வண்டியில் அனுப்பும் வசதி உண்டு, ஸ்பெயின் தபால் துறையே செய்கிறது, ஆனால் அரசாங்க விடுதியில் அந்தப் பையை வாங்கி வைக்கமாட்டார்கள். அத்தான் முதுகுக்கு நாங்கள் நாலு நாள் அனுப்பினோம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கட்டிலில் உட்காருமுன் மெத்தையின் தையல் ஓரத்தைப் புரட்டி மூட்டைப்பூச்சி பாருங்கள். பையைக் கட்டில் மேல் வைக்காதீர்கள். பத்து மணிக்கு விளக்கை அணைப்பார்கள், காலை எட்டுக்குள் வெளியே போய்விட வேண்டும். விடிகாலையில் எழுகிறவர்கள் முந்தின ராத்திரியே பையைக் கட்டி வையுங்கள், அடுத்தவர் தூங்கும்போது பிளாஸ்டிக் பையைச் சரசரவென்று பிரிக்கக் கூடாது.

வழியும் கிராமமும்

வழி தப்பவே தப்பாது. மஞ்சள் அம்புக்குறி சுவரில், மரத்தில், கல்லில், எங்கே பார்த்தாலும் இருக்கும். அதைப் போட ஆரம்பித்தவர் எலியாஸ் வலிஞா, சர்ரியாவுக்குக் கிழக்கே ஓ செப்ரெய்ரோ என்ற மலைக் கிராமத்தின் பங்குச் சாமியார். 1980களில், இந்தப் பாதையில் ஆளே நடக்காத காலத்தில், மஞ்சள் பெயிண்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். இன்று வருடத்துக்கு லட்சக்கணக்கான பேர் அந்த அம்பைப் பார்த்து நடக்கிறார்கள், ஒரு கிராமத்துச் சாமியார் செய்த வேலை. அம்பு போக, கலீசியாவில் தூரக் கட்டைகள் உண்டு, சிப்பி பொறித்த கல்லில் இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்று மூன்று தசமம் வரைக்கும் போட்டிருக்கும். எண் குறைந்துகொண்டே வரும், அத்தான் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டே வந்தார்.

இரண்டு பக்கமும் கல் சுவர், மேலே மரம் கவிந்த தாழ்வான மண்பாதை, அதிலிருந்து வெளியே வந்தால் பத்து வீடு உள்ள ஒரு ஊர், சாணி வாசம், வாசலில் படுத்திருக்கும் பெரிய நாய். நாய் ஒன்றும் செய்யாது, நடையை மாற்றாமல் போங்கள். மாடு ஓட்டிக்கொண்டு ஒரு பாட்டி வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழி விடுங்கள், அது அவருடைய வேலைநேரம். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். நம் லயத்துக்குள் (தோட்டத்து வரிசை வீடுகளுக்குள்) பஸ் போட்டு ஆட்கள் வந்து நம் ஆத்தாவை, துணி துவைக்கும்போது, படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? ‘ஓலா’ சொல்லுங்கள், ‘புவென் காமினோ’ என்று பதில் வரும், நல்ல யாத்திரை என்று பொருள். வீட்டுக்கு வீடு கால் வைத்த சின்னக் கல் பெட்டி மாதிரி ஒன்று நிற்கும், ஓர்ரெயோ, சோளம் சேர்த்து வைக்கும் குதிர். எலி ஏறாமலும் ஈரம் படாமலும் இருக்கக் கம்பத்து வீடு மாதிரி தூண் மேல் கட்டியிருக்கிறார்கள்.

பாதி வீடு பூட்டிக் கிடக்கும். பிள்ளைகள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள், வயதானவர்கள் மட்டும். அதைப் பார்த்து எங்களுக்கு எதுவும் புதிதாக இல்லை.

சாப்பாடு: காலையில் பசியாற ரொட்டியும் காப்பியும், பத்து மணிக்கு தோர்த்தில்யா, உருளைக்கிழங்கும் முட்டையும் சேர்த்த கனமான ஆம்லெட், நடைக்கு அதைப் போல ஒன்றில்லை. மதியம் ‘மெனு தெல் பெரெகிரீனோ’ என்று கேளுங்கள், மூன்று பாகமாகச் சாப்பாடு, 12 முதல் 15 யூரோ. கல்தோ கலேகோ என்று கீரை, உருளை, அவரை போட்ட சூப் குளிருக்கு மிக நல்லது, ஆனால் அதில் பன்றிக் கொழுப்பு இருக்கும். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் கவனம், கலந்த சாலட் என்று கேட்டால் அதிலும் டூனா மீன் வரும். இரண்டு மணிக்குக் கடை மூடினால் ஐந்துக்குத்தான் திறக்கும், ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் திறக்கவே மாட்டார்கள், சனிக்கிழமையே ரொட்டியும் பழமும் வாங்கி வையுங்கள். குழாயில் ‘நோ பொத்தாப்லே’ என்று எழுதியிருந்தால் குடிக்கக்கூடாத தண்ணீர்.

போர்த்தோமரினில் ஒரு முழு மத்தியானம் கொடுங்கள். மிஞோ ஆற்றில் அணை கட்டியபோது, 1960களில், பழைய ஊர் தண்ணீருக்குள் போய்விட்டது. போகுமுன் சான் நிக்கோலாஸ் கோயிலின் கல்லை ஒவ்வொன்றாகப் பிரித்து, எண் போட்டு, மேட்டில் கொண்டுபோய் மறுபடியும் கட்டினார்கள். சுவரில் சில கல்லில் அந்த எண் இன்னும் தெரிகிறது. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் பழைய ஊரின் அடித்தளமும் வெளியே தெரியும். அக்கா அந்தச் சுவருக்கு முன்னால் நின்று எண்களைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். எங்கள் தோட்டத்தை விற்று வீடமைப்புக்குக் கொடுத்தபோது லயத்துக் கடைசியில் இருந்த ஆரோக்கிய மாதா சிற்றாலயத்தை ஒரு காலைப்பொழுதில் இடித்தார்கள். சொரூபத்தை மட்டும் தாத்தா ஒருவர் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். எண் போடவும் தூக்கி வைக்கவும் எங்களுக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை. அன்று சாயங்காலப் பூசை அந்தக் கோயிலிலேயே பார்த்தோம், மொழி புரியாவிட்டாலும் எந்த இடத்தில் என்ன என்று தெரியும்தானே, பரலோக மந்திரத்தைத் தமிழில் சொன்னோம்.

மெலிதேவுக்கு முன்னால் ஃபுரேலோஸ் என்ற சின்ன ஊர், பழைய கல் பாலம் தாண்டியதும் கோயிலுக்குள் போங்கள். சிலுவையில் இருக்கும் ஆண்டவருடைய வலக்கை ஆணியிலிருந்து இறங்கி, கீழே நம்மை நோக்கி நீண்டு தொங்குகிறது. நிறையப் பேர் சாப்பு மட்டும் குத்திக்கொண்டு ஓடுகிறார்கள். நாங்கள் ஒரு செபமாலை முழுதும் அங்கேயே முடித்தோம். நடக்கும்போதும் செபமாலைதான், ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது மனசுக்குள், இறக்கத்தில் வாய்விட்டு. அர்சுவாவுக்கு அப்புறம் யூகலிப்டஸ் காடு, தைல வாசத்தில் நடையே லேசாகிவிடும்.

போய்ச் சேர்கிற நாள்

மோந்தே தோ கோசோ என்றால் மகிழ்ச்சிக் குன்று, பேராலயக் கோபுரம் முதல்முறையாகக் கண்ணில் படும் இடம். காலை ஏழரைக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்குப் பேராலயச் சதுக்கம். பெரிய முதுகுப்பையோடு பேராலயத்துக்குள் விடமாட்டார்கள், பக்கத்தில் பை வைக்கும் கடைகள் உண்டு, அல்லது தங்கப் போகும் இடத்திலேயே முதலில் வைத்துவிடுங்கள். ரூவா கர்ரேத்தாஸ் தெருவில் யாத்திரிகர் அலுவலகம். போனிலேயே பெயர் விவரம் பதிந்து வரிசை எண் வாங்கிக்கொண்டால் காத்திருப்பு குறையும். எதற்காக நடந்தீர்கள் என்று கேட்பார்கள், சமயக் காரணம் என்று சொல்கிறவர்களுக்கு லத்தீனில் எழுதிய கொம்போஸ்தெலா, காசு கிடையாது. தூரம் எழுதிய இன்னொரு சான்றிதழும் உண்டு, அதற்குத்தான் சில யூரோ.

பூசைக்கு 11 மணிக்கே போய் உட்காருங்கள், இல்லாவிட்டால் தூணுக்குப் பின்னால்தான் இடம். போத்தாஃபுமெய்ரோ என்ற பெரிய தூபக்கலசம் ஆடுவதைப் பார்க்கத்தான் பாதிப் பேர் வருகிறார்கள், அது தினமும் ஆடாது, ஆடாவிட்டால் வருத்தப்பட வேண்டாம். பூசை முடிந்ததும் எல்லோரும் பீடத்துக்குப் பின்னால் படியேறிச் சந்தியாகப்பர் சொரூபத்தைத் தோளோடு அணைத்துக்கொள்ள வரிசை நிற்பார்கள், நீளமான வரிசை, நில்லுங்கள். அதில் இறங்கி, கீழே கல்லறை அறைக்குப் போக வேண்டும். அங்கே ஒரு கம்பித் தடுப்புக்குப் பின்னால் வெள்ளிப் பேழை. இடம் மிகக் குறுகல், ஒரே நேரத்தில் இரண்டு பேர் முழங்காலிடலாம், பின்னால் ஆட்கள் காத்துக்கொண்டே இருப்பார்கள், அதனால் அந்தப் பெயர்த் தாளை மேலேயே பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தாளில் 47 பெயர். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பெயரிலிருந்து மெதுவாக வாசித்தார், அப்பா பெயர், அம்மா பெயர், பக்கத்து லயத்து ஆள் ஒவ்வொருவர் பெயரும். பின்னால் நின்ற கொரியப் பெண் ஒருத்தி எங்களை அவசரப்படுத்தவில்லை, தலையைக் குனிந்துகொண்டு கடைசிப் பெயர் வரைக்கும் நின்றாள்.